அடங்காச் சிறுவரும் ஆகாரமும்

‘உணவே மருந்து’ என்னும் வாக்கியம் நம் நாட்டிற் சிறியோர் பெரியோர் எல்லார் நாவிலும் எளிதில் வழங்குவதொன்று. திருவள்ளுவரும் தம் நூலில் ‘மருந்து’ என்று பெயரிட்ட 95-ஆம் அதிகாரத்தில் வேரையும் சூரணத்தையும் பற்றிப் பேசாது, உண்ணும் அளவையும் பசியையும் பற்றியே பெரிதும் பேசியிருத்தலைக் கற்றோர் அறிவர். ஆதலின் உணவிற்கும் உடல்நலத்திற்கும் உள்ள தொடர்பைத் தமிழ் மக்களுக்கு எடுத்துக் கூறப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். ஆயினும் உண்மையானதொரு வாக்கியம் தனக்குரிய எல்லையைக் கடந்து வழங்கப்படுங்கால், பொய்யினும் மிகுந்த தீங்கு விளைத்தலும் உண்டு. அத்தகைய தீங்கொன்றை நாம் அண்மையிற் கண்ணாரக் கண்டமையே இக்கட்டுரை எழுதப் புகுந்ததற்குக் காரணமாம்.

நம் உறவினர் இல்லத்தில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் உளன். அறிவிற் குறைந்தவனல்லன், அவன் கதை சொன்னால் கேட்போர் வாயடைத்திருப்பர். ஆயினும் ஓரிடத்தில் அரை நாழிகை அமர்ந்திருத்தல் அவனுக்கு அரிது. தொடங்கிய கணக்கை முடிப்பதற்குள் எழுதுகோல் தொலையும். எழுதுகோலைத் தேடப் போனவன் தெருவிற் பூனைக்குட்டியோடு காணப்படுவான். பள்ளிக்கூடத்தார் நாடோறும் குறிப்பெழுதி விடுத்தனர். ஈற்றில் மனநோய் வைத்தியர் ஒருவர் அவனைப் பன்முறை பார்த்து, பெற்றோரையும் ஆசிரியரையும் உசாவி, அவனுக்குள்ளது ஏ. டி. எச். டி. என்னும் நான்கெழுத்தால் வழங்கப்படும் கவனக்குறைவும் மிகையியக்கமும் சேர்ந்த கோளாறென்று தெளிந்து, மாத்திரை கொடுத்தார். மூன்று திங்களில் அவன் ஒரு பக்கம் முழுவதும் எழுதக் கற்றான். அப்போதுதான் உற்றார் புகுந்தனர். ‘பிள்ளைக்கு மூளை மருந்தா?’ என்றார் ஒருவர். ‘கேட்டபோதெல்லாம் இனிப்பைக் கொடுத்துக் கெடுத்தவள் நீதான்’ என்று தாயை நோக்கிக் கூறினார் மற்றொருவர். உணவு முறையினால் எந்நோயையும் ஓட்டுவதாகச் சொல்லும் ஒருவரிடம் சிறுவனை அழைத்துச் சென்றனர். அவர் மாத்திரையை நிறுத்தினார். பாலையும் கோதுமையையும் முட்டையையும் சர்க்கரையையும் விலக்கினார். விலையுயர்ந்த பொடியொன்றை விற்றார். நான்கு திங்களிற் சிறுவன் மூன்று கிலோ இளைத்தான். கற்ற பாடமும் போயிற்று. தாயின் உறக்கமும் போயிற்று.

இவ்வாறு நேர்ந்தமைக்கு உறவினர் தீயவர் என்பது காரணமன்று. அவர் அனைவரும் அச்சிறுவனிடத்து அன்புடையவரே. உணவு இக்கோளாற்றில் எவ்வளவு செய்யவல்லது, எவ்வளவு செய்யமாட்டாது என்னும் அளவு அவர்க்குத் தெரியாமையே காரணம். அவ்வளவை நாம் அறிந்தமட்டில் இங்கே ஆராய்வோம்.

முதலாவது, இக்கோளாறு இக்காலத்து மேனாட்டார் புதிதாய்க் கட்டிய கற்பனையென்று சொல்வார்க்கு ஒரு சொல். ஸ்காட்லாந்து தேசத்து வைத்தியர் அலெக்ஸாந்தர் கிரைட்டன் என்பார் 1798-லேயே ஒரு பொருளின்மேற் கருத்தை நிறுத்தமாட்டாத மனவமைதியின்மையைப் பற்றி எழுதியுள்ளார். 1840-களில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்து வைத்தியரான ஹாப்மன் சிறுவர்க்கென இயற்றிய படநூலில் பிலிப் என்னும் நிலைகொள்ளாப் பிள்ளை ஒருவன் வருகின்றான். அவன் உணவு மேசையில் நாற்காலியை முன்னும் பின்னும் ஆட்டி, விரிப்போடு உணவனைத்தையும் தன்மேற் கவிழ்த்துக்கொள்கின்றான். இக்கோளாற்றைச் சித்திரித்த பழைய கதையொன்று சோற்று மேசையில் நிகழ்வது வியப்பே! பின் 1902-இல் லண்டன் ராயல் வைத்தியக் கழகத்தில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை வைத்தியர் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் இத்தகைய சிறுவரைத் தனித்தெடுத்து விவரித்தார். 1937-இல் அமெரிக்காவில் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்பார், தலைவலியைத் தணித்தற்பொருட்டுப் பென்செட்ரின் என்னும் மருந்தைச் சிறுவர் 30 பேர்க்குக் கொடுக்க, தலைவலி எவ்வாறாயினும், ஏறத்தாழப் பாதிப்பேர் பாடத்தில் வியக்கத்தக்க ஊக்கங் கொண்டதைக் கண்டார். கிளர்ச்சி தரும் மருந்து கிளர்ந்த சிறுவரை அமைதிப்படுத்துமென்பதை எவர்தாம் எதிர்பார்த்திருப்பர்?

இன்று உலகில் நூறு சிறுவருள் ஏறத்தாழ ஐவர்க்கு இக்கோளாறு உண்டென்பது பல தேசத்து ஆராய்ச்சிகளைத் தொகுத்துக் கண்ட கணக்கு. இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சிகளோ, சிறுவர்க்கிடையே இவ்வகையிற் காணப்படும் வேற்றுமையில் நூற்றுக்கு 74 பங்களவு மரபின்வழி வந்ததென்று காட்டுகின்றன. உடலின் உயரத்தைப் போலவே இதுவும் பெரும்பாலும் குடிவழிப் பொருள். தாயின் சமையலறை இதன் பிறப்பிடமன்று. எனினும் உயரத்திற்கும் உணவு வேண்டுமன்றோ? மரபு எவ்வளவு வலிதாயினும், அது குடிகொண்டிருப்பது ஓர் உடலில். அவ்வுடல் உண்கிறது, உறங்குகிறது, மூச்சு விடுகிறது. ஆகாரத்தின் பங்கு புகுமிடம் இதுவேயாம்.

உணவைக் குற்றவாளிக் கூண்டில் முதலில் நிறுத்தியவர் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் ஒவ்வாமை நோய்களுக்கு வைத்தியஞ் செய்துவந்த பெஞ்சமின் பைங்கோல்டு என்பார். செயற்கைச் சாயங்களும் சுவையூட்டிகளும், சில பழங்களில் இயல்பாகவேயுள்ள சாலிசிலேட் என்னும் உப்புக்களும் சிறுவரை அடங்காதவராக்குகின்றன என்று 1973-இல் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் முன் அவர் கூறினார்; 1975-இல் அதனை நூலாகவும் வெளியிட்டார். தாய்மார் ஆயிரக்கணக்கில் அவர் வழியைப் பின்பற்றினர். ஆனால், எப்பண்டத்தில் சாயமிருக்கிறதென்பதைத் தாயும் அறியாது பிள்ளையும் அறியாது கொடுத்துப் பார்த்த சோதனைகளில் அவர் சொன்ன பெரும்பயன் காணப்படவில்லை. அத்துடன் அக்கொள்கை ஒழிந்ததென்று பலர் எண்ணியிருந்தனர்.

ஒழியவில்லை. 2007-இல் இங்கிலாந்தில் சவுத்தாம்டன் சர்வகலாசாலையார் மூன்று வயதுப் பிள்ளைகள் 153 பேரையும் எட்டு, ஒன்பது வயதினர் 144 பேரையும் கொண்டு செய்த சோதனையில், சாயங்களும் சோடியம் பென்சோயேட் என்னும் பதப்படுத்தும் உப்பும் கலந்த பானத்தைப் பருகிய பிள்ளைகளிடம் சராசரியிற் சிறிதளவு மிகையியக்கம் காணப்பட்டது. இதில் இரண்டு நுட்பங்களை நாம் மறத்தலாகாது. அப்பிள்ளைகள் கோளாறுடையவரென்று தெரிந்தெடுக்கப்பட்டவரல்லர், ஊரிலுள்ள பொதுப் பிள்ளைகளே. மேலும் விளைவு சிறிது. ஒருவரிடம் தோன்றியது மற்றொருவரிடம் தோன்றவில்லை. ஆயினும் நாற்பது கோடிக்கு மேற்பட்ட மக்களுடைய ஐரோப்பியக் கூட்டுறவார், சிறிதெனினும் வீண் தீங்கு ஏனென்றெண்ணி, அச்சாயங்கள் ஆறனுள் ஒன்றேனுங் கலந்த பண்டத்தின்மேல், சிறுவரின் இயக்கத்திற்கும் கவனத்திற்கும் கேடு பயக்கக்கூடுமென்னும் எச்சரிக்கையை 2010 ஜூலை முதல் அச்சிடச் செய்தனர். பல உற்பத்தியாளர் எச்சரிக்கையை அச்சிடுவதினும் சாயத்தை மாற்றுவதே இலாபமென்று மாற்றிவிட்டனர்.

அவ்வாறனுள் டார்ட்ரசின், சன்செட் எல்லோ, கார்மோயிசின், பான்சோ 4 ஆர் என்னும் நான்கும் நம் இந்திய தேசத்துச் சட்டம் உணவிற்கு அனுமதித்துள்ள எட்டுச் செயற்கைச் சாயங்களுட் சேர்ந்தவை. பொட்டலத்தின் பின்புறத்தே எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் 102, 110, 122, 124 என்னும் எண்களைக் காண்போர் இவற்றையே காண்கின்றனர். பெட்டிக்கடைக் கண்ணாடிச் சாடியில் இருக்கும் பெயரில்லா மிட்டாய்க்கோ பின்புறமும் இல்லை, எண்ணும் இல்லை. 2024 பிப்ரவரியில் ரோடமின் பி என்னும் துணிச்சாயம் கலந்திருக்கக் கண்டு தமிழ்நாட்டரசினர் பஞ்சுமிட்டாய் விற்பனையைத் தடுத்தமை நம் வாசகர் நினைவிலிருக்கும். அது புற்றுநோய் அச்சம்பற்றி எழுந்த தடையேயன்றிக் கவனத்தைப் பற்றியதன்று. எனினும் நம் தெருவில் சாயம் எவ்வளவு காவலின்றித் திரிகின்றதென்பதற்கு அது சான்று. சாயத்தைப் பொறுத்தமட்டில் நம் கருத்து வெளிப்படை: அதனால் ஒரு பிள்ளைக்கும் ஊட்டமில்லை; அழகொன்றே பயன். ஐயத்திற்கிடமான அழகைப் பிள்ளைகள் வயிற்றில் ஏற்றுவானேன்? ஐரோப்பாவில் அச்சிடும் அவ்வெச்சரிக்கையை இங்கும் அச்சிடுதலில் யாதொரு தடையும் நமக்குத் தோன்றவில்லை.

இனிச் சர்க்கரை. நம் உறவினர் இல்லத்தில் அத்தாயைச் சுட்ட குற்றச்சாட்டு இதுவே. இனிப்பு உண்டால் பிள்ளை துள்ளும் என்பதை ஐயுறுவார் அரியர். கலியாண வீட்டிலும் பிறந்தநாள் விருந்திலும் துள்ளுவதைக் கண்டோமே என்பர். விருந்தில் இலட்டு மாத்திரமா இருக்கிறது? இருபது பிள்ளைகளும் மேளமும் கண்விழிப்பும் இருக்கின்றனவே. 1994-இல் அமெரிக்கரான உல்ரைக் என்பாரும் அவர் குழுவினரும், சில குடும்பங்களின் உணவனைத்தையும் தாமே வழங்கி, மும்மூன்று வாரமாகச் சர்க்கரை மிகுந்த உணவையும், இனிப்பூட்டிகள் சேர்ந்து சர்க்கரை குறைந்த உணவையும் மாற்றி மாற்றிக் கொடுத்தனர். சர்க்கரை தம் பிள்ளையைக் கெடுக்கிறதென்று பெற்றோர் உறுதியாய் நம்பிய பிள்ளைகளும் அவருள் இருந்தனர். எவ்வுணவிலும் நடத்தை வேறுபடவில்லை. அடுத்த ஆண்டு 23 சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தபோதும் முடிவு அதுவே.

1994-இலேயே வெளியான வேறொரு சோதனை இதனினும் சுவையுடையது. சர்க்கரையால் தம் மகன் மாறிவிடுகிறான் என்று நம்பிய தாய்மாரை, ஐந்து முதல் ஏழு வயது வரையுள்ள 35 சிறுவரோடு அழைத்தனர். உங்கள் மகனுக்கு மிகுந்த சர்க்கரை கொடுத்துள்ளோமென்று ஒரு பகுதித் தாய்மாருக்குச் சொன்னார்கள். உண்மையில் எச்சிறுவனுக்கும் சர்க்கரை கொடுக்கப்படவில்லை. ஆயினும் அத்தாய்மார் தம் மக்கள் அன்று மிகவும் அடங்காதிருந்தனரென்று மதிப்பிட்டனர். அம்மட்டோ! அவர்கள் பிள்ளைகளை நெருங்கியிருந்து, அடிக்கடி குற்றங்கூறி, கண்ணெடாது நோக்கிக்கொண்டும் இருந்தனர். மாறியது பிள்ளையன்று, பார்த்த கண். இது தாய்மாரைப் பழித்தற்குச் சொல்லியதன்று. ஒரு நம்பிக்கை வீட்டிற்குள் நுழைந்தால் அது எவ்வாறு சான்றைத் தானே படைத்துக்கொள்ளும் என்பதற்குச் சொல்லியது. ஆசிரியர் கண்ணும் அப்படியே. உற்றார் கண் இன்னும் அப்படியே. சர்க்கரை பல்லிற்குக் கேடு, உடற்பருமனுக்கும் நீரிழிவிற்கும் வழி. அவைபற்றிக் குறைத்தல் நன்று. கவனக்குறைவுக் குற்றத்தினின்று அதனை விடுவித்தலே நியாயம்.

இரும்பின் கதை வேறு. மூளையில் நரம்புக்கு நரம்பு செய்தி சுமக்கும் பொருள்களுள் டோபமின் என்பது ஒன்று. இக்கோளாற்றிற்குத் தரப்படும் மாத்திரைகள் பெரும்பாலும் அதன்வழியாகவே வேலை செய்கின்றன. அந்த டோபமினை உடல் ஆக்குங்கால் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்னும் நொதி வேண்டும். அந்நொதி தொழிற்பட இரும்பு வேண்டும். ஆகவே இரும்பு குறைந்தால் கவனமும் குறையலாமென்பது வெறும் ஊகமன்று. 2004-இல் பிரான்சில் கோனோபால் என்பாரும் உடனிருந்தோரும் கோளாறுடைய 53 சிறுவரின் இரத்தத்தில் பெரிட்டின் என்னும் இரும்புச் சேமிப்பை அளந்தனர். மில்லிலிட்டருக்குச் சராசரி 23 நானோகிராம். கோளாறில்லாத 27 சிறுவர்க்கோ 44. பின் 2008-இல், சேமிப்புக் குறைந்த 23 சிறுவருட் சிலர்க்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராம் இரும்பு உப்பு பன்னிரண்டு வாரம் கொடுத்ததில் ஓரளவு நலம் தோன்றியது. ஆனால் எல்லா அளவுகோலிலும் தோன்றவில்லை. 23 பேரைக் கொண்டு உலகத்திற்குத் தீர்ப்பெழுத முடியாதென்பதை நாமும் ஒப்புகின்றோம்.

ஆயினும் இப்பொருள் பிரான்சினும் நம் தேசத்திற்கே மிகவும் உரியது. 2019 முதல் 2021 வரை எடுத்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, இந்தியாவில் ஆறு திங்கள் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேர் சோகையுடையவர். பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயதுப் பெண்டிரில் நூற்றுக்கு 57 பேர். தாய்க்கே இல்லாத இரும்பு மகவுக்கு எங்ஙனம் வரும்? சோகை என்பதோ இரும்புக் குறைவின் கடைப்படி. குதிரில் நெல் தீர்ந்த பின்னரே அடுப்பிற் சோறு குறைவதுபோல, சேமிப்பு வற்றிய பின்னரே இரத்தத்தின் செம்மை குறையும். ஹீமோகுளோபின் அளவு சரியாயிருக்கிறதென்று சீட்டு வந்தாலும் பெரிட்டின் வற்றியிருத்தல் கூடும். காய்ச்சல் அல்லது வேறு தொற்று உள்ளபோது பெரிட்டின் தானே உயர்ந்து காட்டி ஏமாற்றுவதும் உண்டு. ஆதலின் அதனைப் படிக்கவேண்டியவர் வைத்தியரே, பொடி விற்பவரல்லர்.

கீரையுண்டால் தீருமேயென்பர். முருங்கைக்கீரையில் இரும்புண்மை மெய்யே. ஆனால் இலைகளிலும் தானியங்களிலுமுள்ள இரும்பை உடல் சிறிதளவே ஏற்கும். உடன் எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்ந்தால் ஏற்பது மிகும். உணவோடு தேநீர் அருந்தினால் குறையும். காலையிற் பிள்ளைக்கு இட்டலியோடு தேநீர் ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளிற் பரவியுள்ளது. அது சிறு வழக்கமாயினும் நாள்தோறும் செய்யும் வழிப்பறி. மீனிலும் இறைச்சியிலுமுள்ள இரும்பு எளிதிற் சேரும். பள்ளிகளில் ஐந்து முதல் ஒன்பது வயதினர்க்கு இளஞ்சிவப்பும் அதற்கு மேற்பட்டார்க்கு நீலமுமாக வாரந்தோறும் கொடுக்கும் இரும்பு மாத்திரைகளைப் பல பிள்ளைகள் வெளியே எறிவதையும் நாம் கண்டுள்ளோம். வயிறு புரட்டும் என்கின்றனர். வெறுவயிற்றில் விழுங்கச் செய்தால் புரட்டத்தானே செய்யும்? இதனோடு ஓர் எச்சரிக்கை: பெரியோர்க்குரிய இரும்பு மாத்திரைகளைச் சிறு குழந்தை மிட்டாயென்று பல எடுத்துத் தின்றுவிடின் உயிர்க்கே இடர். கைக்கெட்டா உயரத்தில் வைத்தல் வேண்டும்.

உணவை விட்டு உறக்கத்திற்கு வருவோம். இதுவும் உடம்பின் செய்தியே. உறக்கங் குறைந்த பெரியவர் சோர்ந்து விழுவார். உறக்கங் குறைந்த சிறுவனோ பெரும்பாலும் துள்ளுவான். இவ்வேறுபாட்டை அறியாத ஆசிரியர் பலர். தொண்டைச் சதையும் மூக்கின் பின்புறத்துச் சதையும் வீங்கி இரவெல்லாம் குறட்டைவிட்டு, மூச்சு நின்று நின்று வரும் பிள்ளை, மறுநாள் வகுப்பிற் கவனமின்றி அலைதல் இயல்பு. மிச்சிகனில் நடந்து 2006-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அச்சதையை அறுத்தெடுக்குமுன் இக்கோளாறுடையவரென்று குறிக்கப்பட்டிருந்த 22 சிறுவருள், ஓராண்டு கழித்துப் பதினொருவர் அக்குறியினின்று நீங்கியிருந்தனர். ஆனால் 464 பிள்ளைகளைக் கொண்டு 2013-இல் முடிவு வெளியான பெரிய சோதனையில், அறுத்தெடுத்தமையால் உறக்கமும் நடத்தையும் சீர்ப்பட்டனவெனினும், கவனத்தை அளக்கும் தேர்வில் பெரிய வேற்றுமை தோன்றவில்லை. உண்மை இவ்விரண்டிற்கும் இடையில் எங்கோ உளது. இரவில் காலைச் சும்மா வைத்திருக்க மாட்டாது உளைச்சற்படும் பிள்ளைகளும் உளர். அவருட் பலர்க்கு மீண்டும் அவ்விரும்புக் குறைவே காரணமாகின்றது. குறட்டை விடுகிறானா என்று கேட்க ஒரு வைத்தியருக்கு அரை நிமிஷம் போதும். அவ்வரை நிமிஷம் பலவிடத்துக் கிடைப்பதில்லை.

ஈயம் என்னும் நஞ்சையும் இங்கே குறியாது விடுதல் தகாது. 1979-இல் நீடில்மன் என்னும் அமெரிக்க வைத்தியர் பாஸ்டனை அடுத்த ஊர்களிற் பள்ளிச் சிறுவரின் விழுந்த பாற்பற்களைத் திரட்டி, அவற்றிலுள்ள ஈயத்தை அளந்தார். பல்லில் ஈயம் ஏற ஏற, அப்பிள்ளை கவனஞ் சிதறுபவனென்று ஆசிரியர் குறித்தமையும் ஏறியிருந்தது. ஆசிரியருக்குப் பல்லின் செய்தி தெரியாது என்பதை வாசகர் கருதுக. நம் தேசத்தில் 2000-இல் பெட்ரோலிலிருந்து ஈயம் நீக்கப்பட்டது. வீட்டுச் சாயப்பூச்சில் ஈயத்தின் அளவு 2017 முதல் சட்டத்தால் வரையறுக்கப்பட்டது. ஆயினும் பழைய சுவரும், குடிசைத் தொழிலாய்ப் பழைய மின்கலங்களை உருக்கும் இடங்களும் இருக்கின்றன. வங்காள தேசத்தில் மஞ்சளுக்கு நிறமேற்ற ஈயக் குரோமேட் சேர்த்து விற்றமையை 2019-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். இரும்பும் சுண்ணமும் குறைந்த குடல் ஈயத்தை மிகுதியாக ஏற்குமென்பது இதில் மிகக் கொடிது. ஏழைப் பிள்ளையின் வெறும் வயிறே நஞ்சிற்கு வாயில் திறந்து வைக்கின்றது.

மீனெண்ணெய் மாத்திரைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சில சோதனைகளிற் சிறு பயன், பலவற்றில் ஒன்றுமில்லை, வைத்தியர் தரும் மருந்தின் பயனோடு ஒப்பிட மிகவும் சிறிது. வாரத்திற்கு இருமுறை மத்திச் சாளை கிடைக்கும் வீட்டார் அதை உண்பது நன்று. கிடைக்காதவர் கடன்பட்டுப் புட்டி வாங்கவேண்டுவதில்லை.

பண்டங்களை ஒவ்வொன்றாய் விலக்கும் பத்திய முறையைப் பற்றியோ சிறிது சொல்லவேண்டும். அச்சிறுவனை இளைக்கச் செய்தது அதுவன்றோ? 2011-இல் ஒல்லாந்திலும் பெல்ஜியத்திலும் நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைகள் நூற்றுவரைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. சோறும் இறைச்சியும் காய்கறியும் பேரிக்காயும் நீருமாகச் சுருக்கிய உணவை உண்டவருள் பெரும்பான்மையோர் நலமடைந்தனரென்று அதனை நடத்தியோர் அறிவித்தனர். அறிவிப்புக் கேட்டு மகிழ்ந்தவர் பலர். ஆனால் பெற்றோர்க்குத் தம் பிள்ளை பத்தியத்திலிருப்பது தெரியும். பார்க்குங் கண் எவ்வளவு பார்க்குமென்பதைச் சர்க்கரைச் சோதனையிற் கண்டோம். பின்னர் ஒல்லாந்திலேயே நடத்தி 2023-இல் வெளியிட்ட பெரிய சோதனையில், கடும்பத்தியத்தார் சாதாரண நல்லுணவு உண்டவரினும் மேம்படவில்லை. பழமும் காயும் முட்டையும் பயறும் நேரத்திற்கு உண்ணும் எளிய வழியிருக்க, வளரும் பிள்ளையின் தட்டிலிருந்து பாலையும் முட்டையையும் பிடுங்குவது எற்றுக்கு? ஒரு பண்டம் ஒருவனுக்கு ஒவ்வாதென்று மெய்யாகவே ஐயமிருப்பின், உணவறிந்த வைத்தியர் மேற்பார்வையில் சில வாரம் விலக்கி, மீண்டும் கொடுத்துப் பார்ப்பதே முறை. மீண்டும் கொடுத்துப் பாராத பத்தியம் சோதனையன்று, நோன்பு.

மருந்திற்கும் உணவிற்கும் பகையென்று எண்ணுவோர் அறியவேண்டுவது இன்னொன்றுண்டு. இக்கோளாற்றிற்கு மிகுதியும் வழங்கும் மெதில்பெனிடேட் என்னும் மருந்து 1944-இல் சுவிட்சர்லாந்தில் ஆக்கப்பெற்று, 1954 முதல் விற்பனைக்கு வந்தது. அது பசியை அடக்கும். சிலர்க்கு உறக்கத்தையும் தள்ளும். நெடுநாள் உண்போர்க்கு வளர்ச்சி சிறிது குறைதலும் உண்டு. இதனை மறைத்துப் பேசும் வைத்தியரையும் நாம் பாராட்டமாட்டோம். ஆனால் இதற்கு விடை மருந்தை எறிதலன்று, நேரமறிந்து சோறிடுதல். மாத்திரைக்கு முன்னரே காலையுணவை வயிறாரக் கொடுக்கவேண்டும். பகலில் அவன் பசியில்லையென்றால் வலிந்து திணியாது, மாலையில் மருந்தின் வேகம் தணிந்து பசி திரும்பும்போது பயறோ முட்டையோ நிலக்கடலையோ கொடுத்தால் அப்போது உண்பான். மூன்று திங்களுக்கொருமுறை உயரமும் எடையும் அளந்து குறித்தல் வேண்டும். இங்கேதான் தாயின் சமையலறை வைத்தியரின் அறைக்குச் சமமான இடம் பெறுகின்றது. குற்றவாளியாக அழைக்கப்பட்டவள் உண்மையில் உடன் வைத்தியை.

இன்னும் ஒருவகைப் பிள்ளைகள் உளர்; அவரைப் பற்றிச் சொல்லாது இக்கட்டுரையை முடிக்க நமக்கு மனமில்லை. காலையில் ஒன்றும் உண்ணாது பள்ளிக்கு வரும் பிள்ளை பத்துமணிக்கு வெளியே நோக்கியிருப்பான். வாய்ப்பாடு கேட்டால் விழிப்பான். அவனுக்குள்ளது கோளாறன்று, பசி. சென்னை நகரசபையார் 1920-இல் ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளிக்கத் தொடங்கியதும், காமராஜர் 1956-இல் மதிய உணவை மாகாணமெங்கும் பரப்பியதும், 1982-இல் அது சத்துணவாக விரிந்ததும், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலைச் சிற்றுண்டி அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அரசாங்கத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிற்கும் சென்றதும் இப்பசியை நோக்கியே. உப்புமாவும் பொங்கலும் ஏ. டி. எச். டி. யைத் தீர்க்கமாட்டா. ஆனால் பசித்த பிள்ளைகள் உண்டபின், உண்டும் கவனங் குவியாதவன் எவனென்று ஆசிரியருக்குத் தெரியவரும். அவனை வைத்தியரிடம் அனுப்பலாம். பசியையும் கோளாற்றையும் ஒன்றாய்க் குழப்பி, இருவரையும் பலகைமேல் ஏற்றி நிறுத்திய காலம் நம் பாட்டனார் காலத்தோடு போயிருத்தல் வேண்டும், முற்றும் போகவில்லை.

இம்மலரைப் படிக்கும் மாணவ நண்பருட் பலர் நாளை ஆசிரியராவர், சிலர் வைத்தியராவர். ஒரு சிறுவனைப் பற்றித் தீர்ப்புக் கூறுமுன், அவன் காலையில் உண்டானா, இரவில் உறங்கினானா, குறட்டை விடுகிறானா, இரத்தத்தில் இரும்பின் சேமிப்பு எவ்வளவு, கண்ணும் காதும் நன்றா என்று கேட்கும் வழக்கத்தை இப்போதே பழகிக்கொள்ளும்படி வேண்டுகின்றோம். அவையனைத்தும் செம்மையாயிருந்தும் அவன் அமரமாட்டானெனின், அமரமாட்டாமை அவன் செருக்கன்று. அப்போது மாத்திரை வேண்டுமெனின் வெட்கமின்றிக் கொடுக்கலாம். கண்ணாடி அணியும் பிள்ளையைக் காரட்டுத் தின்று கண்ணாடியைக் கழற்றென்று நாம் சொல்வதில்லையே.

நம் உறவினர் மகனை ஐந்தாம் திங்களில் வேறொரு வைத்தியர் பார்த்தார். பெரிட்டின் 11 என்று சீட்டு வந்தது. தொண்டைச் சதை வீங்கியிருந்தது. அதற்கும் வைத்தியம் நடந்தது. பழைய மாத்திரையையும் குறைந்த அளவில் மீண்டும் தொடங்கினார்கள். இழந்த எடையில் இரண்டு கிலோ திரும்பியுள்ளது. கணக்குப் புத்தகத்தில் அரைப்பக்கம் எழுதுகின்றான். மற்ற அரைப்பக்கத்திற் பூனைக்குட்டியின் படம் இருக்கின்றது. பொடிக்குக் கொடுத்த பணம் திரும்பவில்லை. அத்தாயிடம் தாம் சொன்னது தவறென்று கூறிய உற்றார் இதுவரை ஒருவருமிலர்.